பிரேக் போட்டாச்சு

க்ளோட்டன். பெப்ரவரி. காலை ஏழு இருபது.
கண்ணிமையில் தங்கிவிடும் பனித்தூள்.
நாற்பது நிமிடம் பிந்திய போர்த்தோ விமானத்தைப்
பின்னால் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்,
நானும் பியாட்டும் அவனுடைய மஞ்சள் இழுவை வண்டியும்.

என் காதிலிருந்து ஒரு வயர்
விமானத்தின் மூக்குக்குள் போகிறது.
அதன் மறுமுனையில், என் தலைக்கு மேலே,
நான் முகம் கண்டிராத ஒரு கப்டன்.

பிரேக் போடுங்கள் என்றேன்.
போட்டாச்சு என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
அந்த மொழியிலும் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை.
யார் போட்டது, எப்போது போட்டது,
கை போட்டதா வாய் போட்டதா,
ஒன்றும் கேட்க முடியாதபடி
ஆகிவிட்டிருந்தது அந்த ஆச்சு.

நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.
பியாட் குனிந்து
முன்சக்கரத்திலிருந்து இழுவைக் கம்பியைக் கழற்றினான்.

விமானம் கொஞ்சம் யோசித்தது.
எழுபது தொன் யோசிக்கிறபோது சத்தம் வராது.
ஓர் எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
அந்த இடத்தில் தரை லேசாகச் சரிவு.
அது மழைத்தண்ணீருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.
சக்கரம் ஒரு விரல் அகலம் உருண்டது.
கண்ணில் பனி விழுந்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.
பிறகு ஒரு சாண்.

விலகடா!

பத்தொன்பது வருடம் இங்கே வேலை செய்கிறேன்,
காதுக்கவசத்துக்குள் தமிழ் பேசியதே இல்லை.
ஆங்கிலமும் ஜெர்மனும் எங்கோ ஓடிவிட்டன.
தமிழில் ஒரு சொல்லும் அறியாத பியாட்
பக்கவாட்டில் பாய்ந்து பனிச்சேற்றில் விழுந்தான்.

மேலே யாரோ ஒருவரின் கால் மிதித்திருக்க வேண்டும்.
மூக்கு ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது.
சக்கரம் கம்பியின் தலையைத் தொட்டு நின்றது,
மேசையில் டம்ளர் வைக்கிற அளவு சத்தம்.
உள்ளே நூற்று அறுபது பேரில்
ஒருவராவது புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாரோ என்னவோ.

வயரில் மூச்சுச் சத்தம்.
பிறகு, பிரேக் இப்போது போட்டாச்சு.
இப்போது என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது.

மத்தியானம் கப்டன் ஏபிஷரின் அறிக்கை வந்தது.
பிரேக்குக்குக் கை போன அதே நேரம்
கோபுரம் புதிய புறப்பாட்டு நேரத்தைச் சொல்லியிருக்கிறது.
துணை விமானி பலகையில் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.
"என் கை போனது. திரும்பி வந்தது.
போனதை வைத்து, முடித்ததாக எண்ணிவிட்டேன்."
வேறு சாக்கு எதுவும் அவர் எழுதவில்லை.

அந்தத் தாளை எதிரே வைத்துக்கொண்டு
வெகுநேரம் என் பேனாவின் மூடியைக் கடித்தேன்.
ஏனென்றால் முன்சக்கரக் காலில் ஒரு விளக்கு இருக்கிறது,
மிளகாய்ப்பழ அளவு.
பிரேக் பிடித்திருந்தால் சிவப்பு.
கேட்டபின் அதைப் பார் என்றுதான் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது.
எனக்குக் கேட்டதே போதுமாயிருந்தது.
எத்தனை வருடமாய் அப்படி என்று யோசித்தேன்,
அதை மட்டும் எழுதவில்லை.

மறந்து போச்சு என்று எழுத
தமிழில் எவ்வளவு வசதி.
மறதி தானாக வந்து தானாகப் போய்விடும்,
நமக்கு அதில் பங்கில்லை.
படிவமோ ஜெர்மனில் இருந்தது, கட்டம் சிறியது.
நான் விளக்கைப் பார்க்கவில்லை என்று எழுதினேன்.
நான் என்பதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிவிட்டேன் போல,
அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

கன்டீனில் பியாட் கேட்டான், என்ன அது கத்தினாய்?
தள்ளிப்போ என்று அர்த்தம் என்றேன்.
அந்த டா?
அதற்கு ஜெர்மனில் ஒன்றும் அகப்படவில்லை.
முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டியபடி
சூப்பைக் குடித்து முடித்தான்.

இப்போதெல்லாம் மேலிருந்து போட்டாச்சு என்று வந்ததும்
நான் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்க்கிறேன்.
கட்டைவிரலை உயர்த்துகிறேன்.
பியாட் என் விரலோடு நிறுத்திக்கொள்வதில்லை.
அவனும் குனிந்து பார்க்கிறான்,
பிறகு கம்பியில் கை வைக்குமுன்
தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொள்கிறான்,
விளகடா, என்று,
தப்பான ளகரத்தோடு.

நான் திருத்தவில்லை.